தண்ணீரில் விடச் சொன்ன கல்

செய்தி தொலைபேசியில் வந்தது. நமுனுகுலவிலுள்ள தோட்டத்திலிருந்து என் தங்கை பார்வதி பேசினாள். “அண்ணே, கல்லுக்கிட்டயே சாஞ்சிட்டாருண்ணே.” நான் இருந்த பதுளையில் அன்று விடாத மழை. அந்த இரைச்சலில் ‘கல்லு’, ‘சாஞ்சி’ என்பவை மட்டுமே காதில் விழ, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்மேல் மலைக்கல் சரிந்துவிட்டதாக எண்ணி, “லயத்துல எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?” என்று கேட்டேன். அழுகை மட்டுமே கேட்டது. என் மைத்துனர் கதிரேசன், கத்தி தீட்டும் கல்லின் அருகில் உட்கார்ந்தபடியே இறைவனடி சேர்ந்தார் என்பதை, அவர் மகள் வசந்தி மறுபடி அழைத்துச் சொன்ன பின்னரே அறிந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கதிரேசன் அவர்கள் சமையற்காரர். சுற்றுத் தோட்டங்களின் கல்யாணப் பந்திகளும் கோயில் அன்னதானங்களும் அவர் கையால் சிறந்தன. ஜப்பானுக்கு வேலைக்குப் போன அவருடைய தம்பி ஒரு தீட்டுக்கல் அனுப்பினார். எண்ணெய் தொடாமல் தண்ணீரில் ஊறவைத்தே தீட்ட வேண்டிய கல் அது. அன்றிலிருந்து அவர் எங்கு சமைக்கப் போனாலும் துணியில் சுற்றிய அந்தக் கல்லும் உடன் போயிற்று.

ஒரு திருவிழாவில், கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, அவர் கல்லையே தேய்த்துக்கொண்டிருந்தார். காய் நறுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். “கத்தியத் தீட்டச் சொன்னா மனுசன் கல்லத் தீட்டுறாரே!”

“கல்லு நடுவுல குழிஞ்சு கெடக்கு. இதுல தீட்டுனா கத்தி எப்படிய்யா நேரா வரும்? வேணும்னா ஒன் மண்டையக் குடு, அது மட்டமாத்தான் இருக்கு,” என்றார்.

தீட்டும்போது கல்லில் சாம்பல் நிறச் சேறு எழும். கோயிலில் பதிகம் பாட வந்திருந்த நான் அதைக் கழுவச் செம்பை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சான், அது அழுக்கில்ல. அந்தச் சேறுதான் தீட்டுது. நீங்க பதிகத்தப் பாருங்க.” உயிரைப் பற்றிய மலத்தைக் கழுவச் சொல்லும் நூல்களையே ஓதி வளர்ந்தவன் நான். அழுக்கைப் போல் தோன்றுவதைக் காப்பாற்றும் அந்த முறை அன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

வசந்தி பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வந்தால் தகப்பனும் மகளும் அந்தக் கல்லுக்குச் சண்டை பிடிப்பார்கள். “எனக்குப் பொறகு ஒனக்குத்தானேடி, இப்ப தள்ளு,” என்பார்.

கருமாதியன்று ஆற்றங்கரையில் கூடினோம். இறந்தவராக ஒரு கல்லை நட்டு, எண்ணெய் வைத்து நீராட்டி, முடிவில் அதை ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். பூசாரி கல்லைக் கேட்டார். பார்வதி சேலைத் தலைப்பிலிருந்து அந்தத் தீட்டுக்கல்லை எடுத்து நீட்டினாள்.

“அம்மா, இது வேணாம்மா! எண்ணெ பட்டா கல்லு செத்துப்போகும்,” என்று வசந்தி பதறினாள்.

“மனுசனே செத்துட்டாரு, கல்லுக்கு வந்துருச்சா? அன்னைக்குக் காலையில அவரு கடைசியாச் சொன்னது என்னா தெரியுமா? ‘கல்லத் தண்ணியில விட்டுரு பார்வதி’ன்னாரு. நான் அடுப்படியில இருந்து வர்றதுக்குள்ள சாஞ்சிட்டாரு.”

“அது ஊறப்போடச் சொன்னதும்மா! தெனமும் சொல்றதுதானே?”

“தெனமும் செத்தாராடி?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். “மாமா, நீங்க சொல்லுங்க. சாஸ்திரத்துல என்னா இருக்கு?” என்றாள் வசந்தி. கல்லை நட்டால் அது அவருடைய உடல் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கல் என்று நான் ஓதிய எதிலும் நினைவில்லை. ‘விட்டுரு’ என்ற சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தங்கை சொன்னதும் சரியாகப் பட்டது. மருமகள் சொன்னதும் சரியாகப் பட்டது.

“ஐயா, வெயில் ஏறுதுங்க,” என்றார் பூசாரி.

பார்வதி யாருக்கும் காத்திராமல் ஆற்றில் இறங்கிக் கல்லைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். நாள்கணக்கில் காய்ந்து கிடந்த கல்லின் உடம்பெங்கும் சிறு குமிழிகள் கிளம்பி மேலே வந்தன.

“அண்ணே, மூச்சு விடுதுண்ணே… இத எப்படி விடுறது?”

“அடங்குற வரைக்கும் புடிச்சுக்கிட்டு இரும்மா,” என்று வசந்தியும் இறங்கி அவளருகில் நின்றாள். குமிழிகள் அடங்கின. பார்வதி கல்லை வெளியே எடுத்தாள். அதை மகள் கையில் கொடுத்தாள். பூசாரி ஆற்றிலிருந்தே வேறொரு கல்லை எடுத்து நட்டார்.

நான் பதிகம் தொடங்கினேன். ஈரக் கல்லை வெயிலில் வைக்கப் போன தாயை, “நெழல்ல வையிம்மா, வெடிச்சிரும்,” என்று வசந்தி தடுத்தாள். மரத்தடியில் கல்லை நடுவில் வைத்து இருவரும் அமர்ந்தார்கள். பிள்ளைப் பருவம் முதல் பிழையின்றிப் பாடிய பதிகம், அந்த இடத்தில் எனக்கு அடி மறந்து நின்றது.

மச்சான், தாங்கள் சொன்னது எதுவென்று இன்றும் எனக்குத் தெளியவில்லை. எஞ்சிய அடிகளும் நினைவுக்கு வரவில்லை. பாடிய மட்டில் ஏற்றுக்கொண்டு, போய் வாருங்கள்.