வெறுங்காலோடு உலை முன்

சாயங்காலம் நாலே காலுக்கு என் கை காலியாக இருந்தது. அதுவரை அதில் என் ஆறு வயது மகளின் விரல்கள் இருந்தன. பொரிப் பொட்டலம் வாங்க நான் விட்டேனா, அவளே உருவிக்கொண்டாளா, இன்றும் தெளிவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் ஆயுத பூஜை அது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். உலைக்குப் பூசணிக்காய் சுற்றி, சங்கிலித் தடுப்பை அவிழ்த்து, முதல் உருக்கை ஊற்றிக் காட்டுவார்கள். மற்ற நாட்களில் பூட்ஸ் இல்லாதவர்களைத் துரத்தும் உலை மேஸ்திரி, அன்று தன்னுடையதையும் வாசலில் கழற்றிவிடுவார். "சாமி முன்னால எப்டி மேடம் பூட்ஸோட நிக்கிறது?" என்பார். எல்லோரும் வெறுங்கால். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

புதுவாயலிலிருந்து குடும்பங்களை ஏற்றி வந்த வேனில் மகள் இருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். ஓடினேன், வேன் காலி. திரும்பி வந்தபோது உருக்கை ஊற்ற உலை சாயத் தொடங்கியிருந்தது. சங்கிலி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, வாய் திறந்தபடி அவள் நின்றாள். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு நடந்ததுதான் புரியவில்லை. ஓட வேண்டிய நான், அவளை மறந்து, இறங்கி வரும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைப் பிரமிப்பு என்று சொல்லலாமா என்று பின்னாளில் அகராதியைப் புரட்டினேன். வடமொழியில் அதன் வேர் சுழல்வது, அலைவது, மதி மயங்குவது. அழகு என்றோ பக்தி என்றோ அதில் இல்லை. நல்ல உணர்வென்று மேடைகளில் அதைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் அன்று நான் பார்த்தது அழகாகவும் இருந்ததே.

மகள் இப்போது திருநின்றவூரில் ரயிலேறி வேலைக்குப் போகிறாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. நான்தான் நடைமேடையில் அவள் கையைத் தேடுகிறேன்.

அன்று புகைக்குள்ளிருந்து வந்தவர் மேஸ்திரி. தோளில் என் மகள். சூடான இரும்புச் செதில்களின் மேல் ஓடியதில் பாதம் கொப்பளித்து, குதிகாலில் மட்டும் ஊன்றி நின்றார். அவள் விரல்களை எடுத்து என் கையில் வைத்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவல மேடம். கூப்ட்டா திரும்பல, அவ்ளோதான். மொத நாளு நானும் இப்டித்தான் நின்னுகினு இருந்தேன். யாருன்னா வந்து இழுத்தாதான் நவுர முடியும்."