கொக்கியக்காவின் குண்டூசிகள்

வாயில் ஆறேழு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் கொக்கியக்கா பேசுவார். உதடு அசையாது, சொல் மட்டும் ஊசிகளுக்கு நடுவே நழுவி வெளியே வரும். "கையத் தூக்கு. இன்னும் கொஞ்சம். கூச்சப்படாத, நான் பாக்காததா." வந்தவள் முதுகைக் காட்டி நிற்கும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, எந்தப் பட்டை சரியும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். அளவு நாடா எல்லாம் பிறகுதான். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தவிர அந்த ஊசிகள் வெளியே வருவதில்லை என்பது அவர் கணவரின் நெடுநாள் புகார். "சண்டைன்னாலும் ஊசியோடதான் போடுவா. குத்திடுமோன்னு நான் கிட்டயே போறதில்ல" என்பார். யாராவது அவரிடம் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், "உள்துறை அமைச்சர்" என்று சொல்லிவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார்.

சைக்கிள் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் வரும் ஒற்றை அறை. இரண்டு தையல் மெஷின், ஒரு திரைச்சீலை, ஆளுயரக் கண்ணாடி, தலைக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு. வாசலில் 'பெண்கள் தையல்' என்று மட்டும் போட்டிருக்கும். தைப்பதெல்லாம் உள்ளாடைகள்தான். அதுவும் கடையில் கிடைக்காத உள்ளாடைகள்.

"கடையில விக்கிறதெல்லாம் பொம்மைக்குத் தச்சது. கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குதே, அந்தப் பொம்மைக்கு. அதுக்கு வேர்க்குமா, அரிக்குமா, பஸ்ஸப் பிடிக்க ஓடுமா?"

அவரிடம் வருகிறவர்கள் ஓடுகிறவர்கள். பிள்ளை பெற்ற ஒருத்தி, கடைசியாக எந்தப் பக்கம் பால் கொடுத்தோம் என்பதே மறந்துபோகிறது என்று தூக்கம் வழியும் கண்களோடு வந்தாள். அவளுடைய பிராவின் இரண்டு பட்டையிலும் ஒவ்வொரு காஜா எடுத்து, குருவி வடிவத்தில் ஒரே ஒரு பொத்தான் செய்து கொடுத்தார். பால் கொடுத்து முடித்ததும் குருவியை அந்தப் பக்கத்துக் காஜாவுக்கு மாற்றிவிட வேண்டும். குழந்தை இப்போது பாலைவிடக் குருவிக்குத்தான் ஆசைப்படுகிறது என்பது அடுத்த புகார். இருட்டில் எழுந்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகும் நர்ஸுக்கு, முன்பக்கம் எது என்று விரலுக்குத் தெரியும்படி இடுப்புப் பட்டையில் ஒரு நூல் முடிச்சு. வீட்டுச் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருந்த அவருடைய நாத்தனாருக்கு பிராவின் ஓரத்திலேயே ஜிப் வைத்த பை. நாத்தனார் இப்போது சாவியைத் தொலைப்பதில்லை. கதவுக்கு முன்னால் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவை முழுக்கத் திரும்பிப் பார்ப்பதற்குத்தான் நேரமாகிறது.

வக்கீலம்மா ஒருவர், எதிர்த்தரப்பு கத்தும்போது தைரியமாக நிற்க உள்பக்கம் ஒரு புலி தைத்துத் தரச் சொன்னார். கொக்கியக்காவுக்குப் படம் வராது. "புலி கேட்டேன், பூனையில்ல குடுத்திருக்கீங்க" என்று வக்கீலம்மா திருப்பிக்கொண்டு வந்தார்.

"உள்ளதான இருக்கு. நீங்க புலின்னு சொன்னா யாரு வந்து பாக்கப் போறா?"

வழக்கு ஜெயித்தது. அடுத்த முறை வந்தபோது பூனையையே கேட்டார்.

இப்படி எல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர் கறார். பொட்டலத்தின் மேல் பெயர் எழுத மாட்டார். வாங்கிப் போக அண்ணன் வருவான், மாமனார் வருவார். கீழே சைக்கிள் கடையில் நான்கு பேர் காற்றடித்துக்கொண்டு நிற்பார்கள். "பேர் எழுதினா படி இறங்கறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்." அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல் கட்டுவார். வந்தவர் நிறத்தைச் சொன்னால் போதும். இத்தனை வருஷத்தில் ஒரு பொட்டலம்கூட மாறியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கணக்கு டீச்சருக்குக் கருப்பு நூல். இடது மார்பில் அறுவை சிகிச்சை ஆகி, பல மாத விடுப்பு முடிந்து, மறுநாள் மறுபடி பள்ளிக்கூடம் போக இருந்தார். கடையில் வாங்கிய செயற்கை மார்பு வேர்த்து வழுக்குகிறது என்று வந்தவர். கொக்கியக்கா பிராவின் உள்ளே ஒரு பை வைத்து, அதில் செருக ஒரு திண்டு தைத்தார். பஞ்சுக்குள் கண்ணாடி மணிகளைப் போட்டு, சமையலறைத் தராசில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, இரண்டு பக்கமும் ஒரே பாரம் ஆகும்வரை விடவில்லை. "போர்டுல எழுதற மாதிரி கையத் தூக்குங்க" என்றார். டீச்சர் திரைச்சீலைக்குப் பின்னால் வெறும் சுவரில் விரலால் பெருக்கல் கணக்கு எழுதினார். அப்போது அவர் சொன்னதை, அளவு கொடுக்கக் காத்திருந்த நானும் கேட்டேன்.

"பசங்க கண்ணு மொதல்ல எங்க போகும்னு எனக்குத் தெரியும்க்கா. கோணலா ஏதாவது தெரிஞ்சுதுன்னா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன். அப்புறம் போகவே மாட்டேன்."

கருநீல நூல் வேறொருத்திக்கு. தங்கைக்குக் கல்யாணம், தங்கையின் இரவு உடைக்குள் வைக்க அவளுக்கும் ஒரு திண்டு வேண்டும். ஆனால் அதற்குள் ரப்பர் பொம்மையின் வயிற்றில் இருக்குமே, அந்த ஊதல் இருக்க வேண்டும். "மாப்பிள்ளை கட்டிப்பிடிச்சா கீச்சுன்னு கத்தணும்க்கா. ஒரு பக்கம் மட்டும் போதும். எந்தப் பக்கம்னு அவரே கண்டுபிடிக்கட்டும்." கொக்கியக்காவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போய், மூன்று பொம்மைகளை அறுத்து, நன்றாகக் கத்துவதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்குக் கீச்சான் என்று பெயரும் வைத்தார்.

ஒரே துணி, ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு திண்டும் ஒரே மாலையில், அந்த மஞ்சள் பல்புக்குக் கீழே பொட்டலமாகிப் போயின.

மறுநாள் காலை நான் ஒரு பட்டையை இறுக்க அங்கே போயிருந்தேன். மணப்பெண்ணின் அக்கா படியேறி வந்து திண்டை மேஜைமேல் போட்டு உள்ளங்கையால் அமுக்கினாள்.

"பாருங்க, மூச்சே விடல. கல்லு மாதிரி கனக்குது வேற."

கொக்கியக்கா அதைக் கையில் எடுத்தார். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பொட்டலத்து நூலை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். கருப்பு.

"கருநீலம்னு நெனச்சுல்ல எடுத்துக் குடுத்தேன்" என்றார், ஊசிகளுக்கு நடுவே.

டீச்சருக்குப் போன் செய்தார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசல்வரை போனார். என்ன காரணம் என்று காவலாளி கேட்டதற்குச் சொல்ல வாய் வராமல் திரும்பி வந்தார். "'உங்க டீச்சர் நெஞ்சுல ஒரு பொம்மை கத்தப் போகுது'ன்னு அந்த ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?" மணப்பெண்ணின் அக்காவுக்கும் முகம் வாடிவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று மெல்ல இறங்கிப் போனாள்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு கப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தலைகீழாகவே வைத்தார். "அவங்கள கேலி பண்ணதா நெனச்சிடுவாங்க. உடம்பு தேறி மொத நாள் போறவங்கள" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கணவர் சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்தார். வாயில் ஊசி இருப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்துப் போனார். எனக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இரும்புப் படி அதிர்ந்தது. டீச்சர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னத்தக்கா வச்சுத் தச்சீங்க?"

கொக்கியக்கா நூல் மாறிய கதையைச் சொன்னார். மன்னிப்பை இரண்டு தடவை சொல்லி, சரியான திண்டை இரண்டு கையாலும் நீட்டினார். டீச்சர் அதை வாங்கவில்லை.

"லேசா இருக்கேன்னு பாத்தேன். ஆபரேஷன் பண்ண எடத்துக்கு நல்லதுன்னு மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். மொத ரெண்டு க்ளாஸும் ஒண்ணும் ஆகல. பசங்க ஒருத்தனும் பாக்கல. டெஸ்ட் வைப்பேனான்னுதான் அவனுங்களுக்குக் கவல. மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்குப் போறேன், தமிழ் டீச்சர் ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழறா. கீச்சுன்னுச்சு. எலின்னு நெனச்சு டிராயிங் மாஸ்டர் ரெண்டு காலையும் பெஞ்சு மேல தூக்கிட்டாரு. அவ பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பிடிச்சா. மறுபடி கீச்சு."

"அய்யோ" என்றார் கொக்கியக்கா, கண்ணை மூடிக்கொண்டு.

"நானே அமுக்கிப் பாத்தேன். எங்கிட்டேருந்துதான் வருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஆளாளுக்குத் தரையப் பாத்தாங்க. அப்பத்தான் பி.டி. டீச்சர் சொல்றா, 'மணி அடிச்சாச்சு, எல்லாரும் க்ளாஸுக்குப் போங்க'ன்னு." டீச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்தான். "இத்தன மாசமா என்னப் பாக்கறவங்க எல்லாரும் ஒரே மூஞ்சிய வச்சிட்டு வருவாங்கக்கா. சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி. இன்னைக்குத்தான் அந்த மூஞ்சி போச்சு. சாயங்காலம் டிராயிங் மாஸ்டர் பாக்கி இருக்கற பேப்பர் கட்ட என் தலையில கட்டிட்டாரு. பழையபடி."

கொக்கியக்கா கத்தரியை எடுத்தார். "குடுங்க, அத எடுத்துட்டுத் தரேன்."

டீச்சர் இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். "இத யாரு தரப் போறா? கல்யாணப் பொண்ணுக்கு வேற பொம்மைய அறுங்க." சரியான திண்டை வாங்கிக் கைப்பைக்குள் போட்டார். "க்ளாஸுக்கு இது. ஸ்டாஃப் மீட்டிங்குக்கு அது."

அவர் போன பிறகு கொக்கியக்கா மேஜை ஓரமாக நின்றுகொண்டே இருந்தார். இரும்புப் படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. பாதிப் படியில் நின்றது. கீச். கீழே சைக்கிள் கடையில் காற்றடிப்பது நின்றது. யாரோ, "ட்யூப்ல எங்கயோ லீக்குடா" என்றார்கள். இன்னொரு கீச். செருப்புச் சத்தம் மறுபடி இறங்கிப் போனது.

கொக்கியக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் இருந்த ஊசிப் பஞ்சில் குத்தினார். கடைசி ஊசியும் வெளியே வந்ததா என்று நாக்கால் ஒருமுறை துழாவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெஷின்மேல் தலையைச் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.