ஆர்லீனின் வலதுகால்

ஆர்லீன் லாஹ்தியின் வலதுகால் ஆடிக்கொண்டே இருக்கிறது. சாப்பிடும்போதும் ஆடும், தேவாலயத்தில் ஜெபம் நடக்கும்போதும் ஆடும். "கால்ல மோட்டார் வச்சிருக்கியா?" என்று பக்கத்திலிருப்பவர்கள் சிடுசிடுப்பார்கள். விசாரணை அறையில்தான் அந்தக் காலுக்கு உண்மையான வேலை. நகராட்சியின் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுநர் யாராவது மாட்டிக்கொண்டால், யூனியன் பிரதிநிதியாகப் பக்கத்தில் உட்காருவாள். ஆள் உளறத் தொடங்கினால் மேசைக்கடியில் அவன் பூட்ஸின்மேல் ஒரு மிதி. "நான் மிதிச்சா வாயை மூடிக்கணும். நிரூபிக்கறது அவங்க பாடு" என்று முன்னாடியே சொல்லிவைப்பாள்.

லேசாக நினைத்துவிடாதீர்கள். பிரேக் சரியில்லாத லாரியை மலைத்தெருவில் இறக்க மாட்டேன் என்ற ஓட்டுநரின் சீட்டைக் கிழிக்க மேலதிகாரி துடித்தபோது, அந்த மனிதனின் வேலையைக் காப்பாற்றியது இந்தக் கால்தான்.

இந்த வாரம் மாட்டியிருப்பவன் கர்ட். பனிப்புயலன்று, லாரி முன்னால் பனியைத் தள்ளும் பிளேடைத் தரையில் இறக்காமல் தூக்கிவைத்துக்கொண்டே மலைத்தெருவில் ஏறி இறங்கியிருக்கிறான். சீக்கிரம் வீடு போகலாமே! லாரி போன தடம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிளேடு தரையைத் தொட்டதா என்பது அதில் தெரியாது. அவன் முழித்த முழியிலேயே ஆர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. பாழாய்ப்போனவன்! அன்று ஆம்புலன்ஸ் ஒதுக்காத பனியில் அடிவாரத்திலேயே சிக்கிக்கொண்டது. மலைத்தெரு வீட்டில் மார்வலியில் துடித்த வேய்னை அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகையில் கிடத்திக் கீழே ஆம்புலன்ஸுக்கு இழுத்துவந்தார்கள். உயிர் தங்கியது. மனிதர் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

வேய்னின் மனைவி இர்மா, ஆர்லீனின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. போன வெள்ளிக்கிழமை, தேவாலயத்து மீன் விருந்தில் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, இவனையும் காப்பாத்தப் போறியா? எங்க வரிப்பணத்துல சம்பளம், தப்பு பண்ணா கேக்க ஆளில்ல. நல்லா இருக்குடி உங்க யூனியன்!"

"இவன் பக்கத்துல நான் உட்காரலேன்னா, நாளைக்கு ஒழுங்கா ஓட்டறவனையும் தூக்கிடுவாங்க, இர்மா."

"உட்காரு, தாராளமா உட்காரு. அப்புறம் என் வீட்டுப் பக்கம் வராதே."

இர்மா தள்ளிவிட்ட தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆர்லீன் எழுந்தாள்.

இன்று காலை விசாரணை அறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கோட்டின் ஜிப்பை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். கர்ட் சுவரில் சாய்ந்து நின்றான். அவனும் தூங்கியவனாகத் தெரியவில்லை.

"வேய்ன் எப்படி இருக்காராம்?" என்றான்.

"இப்பதான் கேக்கத் தோணுச்சாக்கும்! பேசாம வந்து என் கால் சொல்றதைக் கேளு."

மேலதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "பிளேடு கீழ இருந்துச்சா, மேல இருந்துச்சா?"

கர்ட் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "அது வந்து... உண்மையைச் சொல்லணும்னா..."

இன்னும் ஒரு வார்த்தை வந்தால் வேலை போய்விடும். ஆர்லீனின் பூட்ஸ் தரையைவிட்டு எழும்பியது. கர்ட் அந்த மிதிக்குக் காத்திருப்பவன்போல நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்து, நாற்காலியின் காலோடு இறுக்கிப் பின்னிக்கொண்டாள். வலதுகால் ஆடவில்லை.