முன்னுக்கு நின்று வாசித்தவள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொல்வார்கள், நான் அந்த இடத்தை விட்டுப் போன பிறகு. இருபத்தாறு வருடம் சின்னப் பிள்ளைகளோடு கத்திய தொண்டை. அதனால் இதை எழுதும்போதும் குரல் கொஞ்சம் உயரும். இந்த முறை கோபம் என் மேல்தான்.

செட்டிபாளையத்தில் என் வீடு. பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைக் கிராமம் ஒன்றில். காலையில் ஸ்கூட்டியை ஓடத்தில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, வயல் வட்டைக்கு நடுவே போகும் வீதியில் இன்னும் கால் மணித்தியாலம் ஓட வேண்டும். சின்னப் பள்ளிக்கூடம். ஒன்றாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் நான் ஒருத்திதான். இரண்டு வகுப்பும் ஒரே மண்டபத்தில், நடுவில் ஒரு பலகைத் தட்டி. இந்தப் பக்கம் ஒன்பது பிள்ளைகள், அந்தப் பக்கம் பதினொன்று.

இரண்டு வகுப்பை ஒருத்தி மேய்ப்பதற்கு ஒரு உபாயம் வேண்டும். சின்னப் பள்ளிக்கூடங்களில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். குரல் எடுப்பான ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு வரி வாசிக்கும். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அங்கே அடிபிடி இல்லை என்று அர்த்தம். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ஒன்றாம் ஆண்டுக்கு மணலில் எழுத்தும் புளியங்கொட்டையில் கணக்கும் காட்டலாம். அதிபர் அந்த வழியால் போனால், 'ரீச்சரின் வகுப்பு எப்போதும் உசாராக இருக்கும்' என்பார். எனக்கும் உச்சி குளிரும்.

இரண்டாம் ஆண்டில் முன்னுக்கு நின்று வாசித்தவள் ஒரு சின்னப் பெண். மெலிந்த உடம்பு, வெண்கலக் குரல். அவளுடைய தாய் அவள் பாலர் பாடசாலைக்குப் போன காலத்திலேயே வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒன்றாம் ஆண்டுக்குப் பிள்ளைகளை மாலை போட்டு வரவேற்கும் கால்கோள் விழாவுக்கு அவளைக் கையில் பிடித்து வந்தது பெரியம்மாதான். பெரியப்பா நெல் விதைக்கிறவர், கூத்தில் ராசா வேசம் போடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு முழுக் கூத்தையும் விடிய விடியப் பாடுவார், ஒரு சொல் பிசகாது. அந்த வீட்டில் படிப்பு என்றால் காதால் படிப்பதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு நாள் பெரியம்மா பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்தார். தொலைபேசியை என் கையில் தந்தார். தாய் அனுப்பிய குரல் பதிவு.

"ரீச்சர், எனக்கு ரெண்டு வருசம் முடியப் போகுது. இஞ்ச வீட்டம்மா இன்னும் ரெண்டு வருசத்துக்கு நில்லு எண்டு கேக்கிறா. புள்ள நல்லா வாசிக்கிறாள் எழுதுறாளெண்டா நான் நிப்பன். இல்லாட்டி வந்திருவன், பக்கத்தில இரிந்து பார்த்தாத்தானே சரி. நான் பள்ளிக்குடம் காணாதவள் ரீச்சர். எனக்கு ஒண்டும் விளங்காது. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

நான் யோசிக்கவே இல்லை. அடுத்த நாள் அவளை முன்னுக்கு நிறுத்தி, ஆமையும் குளமும் பற்றிய பாடத்தை வாசிக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று என் தொலைபேசியில் வீடியோ எடுத்தேன். புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, சிரித்த முகத்தோடு வாசித்தாள். அதைத் தாய்க்கு அனுப்பினேன். கூடவே என் குரலில், "வகுப்பிலேயே முதலாவதாக வாசிக்கிறது உங்கட புள்ளதான். ஒண்டுக்கும் யோசிக்காதிங்க," என்று ஒரு பதிவு. அன்றைக்கே அவளுடைய தேர்ச்சிப் பட்டியலை எடுத்து, 'எளிய வாக்கியங்களை விளங்கி வாசிப்பார்' என்ற இடத்தில் சரி போட்டேன். பேனையை அழுத்தித்தான் போட்டேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் ஓடத்துக்குக் காத்து நின்றபோது, வேறு பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருத்தரிடம் பெருமையடிப்பதற்காக அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். "நல்ல புள்ள," என்றார். நான்தான் அதைத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தேன். பிள்ளையின் கையில் இருந்தது முன்னைய வருடத்துப் பிள்ளைகள் பாவித்துவிட்டுத் தந்த புத்தகம். அந்தப் பாடத்தின் நடுத்தாள் கிழிந்து போயிருந்தது. தையலோடு ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. இல்லாத அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் அவள் ஒரு சொல் விடாமல் வாசித்திருந்தாள்.

ஓடம் வந்ததும் ஏறியதும் எனக்கு நினைவில் இல்லை, பக்கத்தில் ஒரு மாடு நின்றதைத் தவிர.

அன்று இடைவேளையில் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். கரும்பலகையில், 'ஓடத்தில் ஒரு மாடு நிற்கிறது' என்று எழுதினேன். எந்தப் பாடத்திலும் இல்லாத வசனம். காலையில் உண்மையாகவே மாடொன்று எங்களோடு வந்தது. வாசி என்றேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க சொல்லுங்க ரீச்சர். மறுகா நான் சொல்லுவன்."

நான் கத்தினேன். இதை மறைத்து என்ன பயன். "ரெண்டு வருசமா என்ன செய்த நீ?" என்று கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் அழவில்லை. தான் செய்த பிழை என்னவென்று விளங்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றாம் ஆண்டில் அவள் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகை தட்டிக்குப் பக்கத்தில். அங்கே இருந்தபடியே அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கத்திய இரண்டாம் ஆண்டுப் புத்தகம் முழுவதையும் காதால் வாங்கிவிட்டாள். தன் ஒன்றாம் ஆண்டுப் புத்தகத்தை இந்தப் பக்கத்தில் காதால் வாங்கியது போல. அவள் யாரையும் ஏமாற்றவில்லை. வாசிப்பு என்பது இதுதான் என்று நான்தான் அவளுக்குக் காட்டியிருந்தேன். சத்தம் சரியாக வந்தால் போதும் என்று, தினமும், இடைவேளைக்குப் பிறகு, நாற்பது நிமிடம்.

தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே. தொலைபேசியைப் பல தடவை கையில் எடுத்தேன். நான் அனுப்பிய பதிவைக் கேட்ட கையோடு அவள் சரியென்றிருப்பாள், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்திருப்பாள், இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது, அந்நிய நாட்டில் நின்று அழத்தானே போகிறாள் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அதற்குள் பிள்ளையை வாசிக்க வைத்துவிட்டால் நான் சொன்னது பொய்யில்லாமல் போய்விடும் என்றும் நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. என் மானத்தைத்தான் மறைத்தேன், பிள்ளையின் பேரைச் சொல்லி.

அன்று தொடங்கிய வேலை கார்த்திகை மாதம் வரைக்கும் போனது. ஒவ்வொரு இடைவேளையிலும் அரை மணித்தியாலம். அவளுடைய காது எங்களுக்குப் பெரிய எதிரியாக இருந்தது. ஒரு வசனத்தை ஒரு தடவை கேட்டால் போதும், கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடும். ஆகவே நான் வாயே திறக்கவில்லை. சொற்களை மட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டேன். வசனத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு வாசிக்க வைத்தேன். படங்களைக் கையால் மூடினேன். மணல் தட்டில் ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை போல, அவள் விரல் திரும்பவும் தொடங்கியது. அந்தக் காட்சியைத் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்து அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பார்த்த பார்வையில் அடங்கினார்கள்.

முன்னுக்கு நின்று வாசிக்கும் வேலையை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். பிறகு அந்த வழக்கத்தையே விட்டேன். வகுப்பில் சத்தம் குறைந்துவிட்டது என்று அதிபர் கவலைப்பட்டார். அவளுடைய சத்தமும் குறைந்தது. வெண்கலக் குரல் போய், உதட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு வந்தது. புருவத்தைச் சுருக்கி, எழுத்தின் மேல் விரலை ஊன்றி, ஒரு சொல்லை முடிக்க மூன்று மூச்சு எடுப்பாள். ஒரு நாள், "எனக்கு முந்தி வாசிக்கத் தெரியும்தானே ரீச்சர், இப்ப ஏன் வாசிக்க ஒண்ணாம இரிக்கு?" என்று கேட்டாள். கொப்பியை எடு என்று அதட்டினேன்.

பிறகு ஒரு பின்னேரம், பிள்ளைகள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையில், 'நாளை பள்ளிக்கூடம் இல்லை' என்று எழுதினேன். வழக்கமாக எழுதிவிட்டு வாயாலும் சொல்வேன். சொல்வதற்குத் திரும்பும் முன்னரே பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏன் ரீச்சர் நாளைக்கு இல்ல?"

திரும்பிப் பார்த்தேன். அவள்தான். மற்றவர்கள் எவரும் பலகையைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தாள், வாசித்தாள், விளங்கினாள், காரணம் கேட்டாள். தேர்ச்சிப் பட்டியலில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. மழை வெள்ளம் ஏறுகிறது, ஓடம் ஓடாதாம், அதுதான் இல்லை என்று சொல்லிவிட்டு வெண்கட்டித் தூசியைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தேன்.

வெள்ளம் வற்றிப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் புதிய கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, ஒரு பக்கத்தை வாசிக்க வைத்து, வீடியோ எடுத்தேன். பெரியம்மா வீட்டில் அவள் ஒரு தடவையும் கேட்டிராத கதை. திக்கித் திக்கி வாசித்தாள். ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லி, நின்று, திரும்பிப் போய், சரியாகச் சொன்னாள். அந்தத் திருத்தத்துக்காகவே நான் அதைத் தாய்க்கு அனுப்பினேன். சொல்லாமலே சொல்லிவிட்டேன், இனி மனம் ஆறும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தாய் நேரடியாக எனக்கு அழைப்பு எடுத்தாள்.

"ரீச்சர், புள்ளைக்கு ஏதும் வருத்தமா? தலையில கிலையில அடிபட்டதா? முந்தி எவ்வளவு நல்லா வாசிச்சவள். இப்ப ஏன் இப்பிடித் திக்குறாள்? என்னை நினைச்சு ஏங்கித்தான் மறந்திட்டாளா?"

அதற்கு மேலும் மறைக்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். முதல் வீடியோவில் அவள் வாசிக்கவில்லை, மனப்பாடம் சொன்னாள், எனக்கு அப்போது தெரியாது, இப்போது திக்குவதுதான் உண்மையான வாசிப்பு என்று. தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் நின்றது.

"உங்களுக்கு எப்ப தெரிய வந்தது ரீச்சர்?"

"நாலஞ்சு நாளில."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கையெழுத்து வெச்சிருப்பிங்கெண்டு நினைச்சன்."

"அப்ப வெக்கல்ல ரீச்சர். வீட்டம்மா அப்ப ஊரில இல்ல. ஒரு மாசம் கழிச்சு வந்துதான் கடதாசியைத் தந்தவ, மறுகாத்தான் வெச்சன். அந்த மாசம் முழுக்க உங்கட வீடியோவத்தான் போட்டுப் போட்டுப் பார்த்திற்று இரிந்தன். போகவா நிக்கவா எண்டு."

ஏச்சுக் கிடைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஏசவில்லை. "இப்ப வாசிக்கிறாள்தானே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேலை கிடக்கு என்று வைத்துவிட்டாள். நான் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கையெழுத்து வைத்துவிட்டாயா என்று ஒரேயொரு கேள்வி. பிள்ளைகளிடம் நாள் முழுவதும் கேள்வி கேட்கிறவள் நான்.

திங்கட்கிழமை இடைவேளைக்கு மணி அடித்ததும் பிள்ளை என் மேசைக்கு வந்தாள்.

"நான் வாசிச்சத்த அம்மா பார்த்தவவா ரீச்சர்?"

"ஓம் மகள். பார்த்தவ."

"அப்ப எப்ப வருவாவாம்?"

விரைவில் வருவார் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன்.

"இன்னும் இருபது மாசம்."

இருபதுக்குள் எண்ணுவது ஒன்றாம் ஆண்டுப் பாடம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவரில் தொங்கிய கலண்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, மாதப் பெயர்களின் மேல் விரலை வைத்து, உதட்டுக்குள் ஒவ்வொன்றாக வாசித்தாள். மார்கழி வரைக்கும் போனாள். திரும்பத் தையிலிருந்து தொடங்கினாள். நான் உதவி செய்யவில்லை. எண்ணி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் நாலாம் ஆண்டில இரிப்பன் ரீச்சர்," என்றாள்.

கணக்குச் சரியாக இருந்தது.