அய்யாக்கண்ணு கட்டிய பூப்பொட்டலம்

அன்னவாசல் கடைவீதியில் அய்யாக்கண்ணுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பார்கள். அது முழு உண்மை இல்லை. அவர் வாழ்க்கையில் இரண்டு பொய்கள் உண்டு. இரண்டையும் அவர் வாயால் சொல்லவில்லை, கையால் கட்டினார்.

1948இல் அவருடைய தாயார் மீனம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தகப்பனார் ஏகாம்பரம் தானியக் கடையை விட்டு நகர முடியாதவர். அதனால் தாய்மாமனோடு பள்ளிக்கூடத்துப் பையனான அய்யாக்கண்ணுவும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுவைச் சிகிச்சை முடிந்து தாயார் உயிரோடு திரும்பினார். ஆனால் பள்ளியில் அந்த வருடம் போய்விட்டிருந்தது. அய்யாக்கண்ணு கடையில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

வேலூரிலிருந்து அவர் ஒரு கதையைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சேலை கட்டிய டாக்டரம்மா ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த தங்கை பிரகதாம்பாளுக்கு அதை எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. தங்கை கண் இமைக்காமல் கேட்பாள். தான் சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கும், வேலூரில் டாக்டருக்குப் படிக்கும் தன் ஆசையே இருக்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டார். அவளிடம் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

1961இல் பிரகதாம்பாள் புதுக்கோட்டையில் பி.யு.சி.யும் அதற்கடுத்த ஓராண்டுப் படிப்பும் முடித்தாள். மார்க் வந்த அன்று, அவளுக்குப் பாடம் நடத்திய ஆத்மநாதன் கடைக்கே வந்துவிட்டார். கடலைப்பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து ஏகாம்பரத்திடம் பேசினார்.

“பயாலஜியில எழுவத்தாறு, கெமிஸ்ட்ரியில அறுவத்தெட்டு. இதுக்கு மதுரையில எடம் கெடைக்கும்ங்க. போன வருஷம் இதுக்குக் கொறைஞ்ச மார்க்குக்கே கெடைச்சிருக்கு.”

“வேலூரு?” என்றார் அய்யாக்கண்ணு, தராசை அப்படியே பிடித்துக்கொண்டு.

“அது வேறப்பா. அங்க இந்த மார்க்கு மட்டும் பத்தாது. அவுங்களே தனியா ஒரு பரீட்சை வைப்பாங்க. நாடு பூராவும் இருந்து வந்து எழுதுவாங்க. ரெண்டுக்கும் போட்டு வைங்க, அதான் புத்திசாலித்தனம்.”

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். ஆனால் ஆத்மநாதன் சைக்கிளில் ஏறியதும் சொன்னார்: “ரெண்டு எதுக்கு? கருப்பரைக் கேப்போம். அவர் சொல்ற எடத்துக்கு ஒண்ணு போட்டாப் போதும். கேட்டுப்புட்டு இன்னொண்ணையும் கையில வச்சிருந்தா, அவரை நம்பலேன்னுல்ல ஆகும்?”

அந்த வீட்டில் பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று; இரண்டையும் ஒரே மாதிரி பூவரச இலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டிக் கருப்பர் காலடியில் வைப்பார்கள். பூசாரி ராக்கன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பார்கள். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, ஊருணியில் போட்டுவிட வேண்டும். மதுரைக்கு வெள்ளை, வேலூருக்குச் சிவப்பு என்று முடிவாயிற்று. பூக்கட்டும் பொறுப்பை ஏகாம்பரம் மகனிடம் கொடுத்தார். “அவன்தான் சூதுவாது தெரியாதவன்” என்றார்.

அய்யாக்கண்ணு குளித்துவிட்டு ஈரவேட்டியோடு கோவில் நந்தவனத்துக்குப் போனார். நந்தியாவட்டை பூத்திருந்தது. பக்கத்திலேயே செவ்வரளி. முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்துக் கட்டினார். இரண்டாவது இலையை விரித்தவர், அதிலும் செவ்வரளியையே வைத்தார். தங்கைக்குத் தான் செய்யக்கூடிய உதவி இதுதான் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. மதுரை, மார்க் வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும். வேலூர் அவளுடைய ஊர். கடவுள் தவறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ராக்கன் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. ஏகாம்பரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிரகதாம்பாள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள், பிறகு விழுந்து கும்பிட்டாள். மற்ற பொட்டலத்தை அய்யாக்கண்ணு ஊருணியில் எறிந்தார். அது மூழ்காமல் மிதந்தது. இலை பிரிந்து சிவப்பு வெளியே வந்துவிடுமோ என்று, எல்லோரும் போன பிறகும் கரையில் நின்றுகொண்டிருந்தார்.

வேலூருக்குத் தங்கையை அவரே அழைத்துப்போய்ப் பரீட்சை எழுத வைத்தார். தாயார் படுத்திருந்த வார்டைத் தேடிப்போய் ஜன்னல் வழியாகக் காட்டினார். அவள் பார்த்தாள். ஊருக்குத் திரும்பிப் பல நாள் காத்திருந்தும் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. மதுரைக்கு விண்ணப்பிக்கும் தேதி அதற்குள் தாண்டிவிட்டது.

பிரகதாம்பாள் அழுதிருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அவள் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, கடைக்குப் பின்னால் முறத்தை எடுத்துக்கொண்டு உளுந்து புடைக்க உட்கார்ந்தாள். அடுத்த வருடம் மதுரைக்குப் போடலாம் என்று ஆத்மநாதன் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவள் பிடிகொடுக்கவில்லை.

“சாமிதான வேலூருக்குப் போகச் சொல்லுச்சு. போனேன். வேணாம்னுருச்சு. அப்ப இந்தப் படிப்பே எனக்கு வேணாங்குதுன்னுதான அண்ணே அர்த்தம்? அதுக்கு மேல நான் போயி முட்டிக்கிட்டு நிக்கவா?”

அவள் தர்க்கத்தில் பிழை இல்லை. அதன் முதல் அடிதான் பொய். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் எதிரில் நின்று எள்ளு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வந்து போனார்கள். புடைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அய்யாக்கண்ணு கடையை விட்டு எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

மறுவருடம் விண்ணப்பம் வாங்கும் காலம் வந்தது. அவரால் தாங்க முடியவில்லை. தகப்பனாரிடம் போக வேண்டியவர், ராக்கனிடம் போனார்.

“ரெண்டுலயும் செவப்பா?” ராக்கன் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “அடப் பாவி! கருப்பர்தான் கையைப் புடிச்சு இழுக்குறாருன்னு நான் மெய்சிலிர்த்துல்ல போயி நின்னேன்!”

“அப்பாக்கிட்டச் சொல்லிரலாம்னு இருக்கேன் பூசாரி.”

“சொல்லு, நல்லாச் சொல்லு. நாளைக்கே ஊர்ல உள்ளவன் பூராம் வந்து, எனக்கு எடுத்த பூவு நெசமான்னு கேப்பான். எம் பொழப்புல மண்ணைப் போடு.” கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “இந்தா, சொல்றதைக் கேளு. வருஷம் திரும்பிருச்சு, மறுபடி கேக்கலாம்னு ஒங்கப்பாருக்கிட்ட நான் சொல்றேன். மதுரைக்குப் போடவா, படிப்பை விடவான்னு கேப்போம். போடுன்னா வெள்ளை. இந்தத் தடவை ரெண்டுலயும் வெள்ளையை வச்சுக் கட்டு. கோணுன கணக்கு நேராயிரும்.”

முதல் பொய்யை அய்யாக்கண்ணு ஆசையில் கட்டினார். இரண்டாவதைத் தெரிந்தே கட்டினார். இரண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்தார். 

வெள்ளை வந்தது. பிரகதாம்பாள் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினாள். அந்த மார்க்குக்கு, ஆத்மநாதன் சொன்னபடியே, மதுரையில் இடம் கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் இது மன்னிக்கக்கூடிய கதை என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அவள் நன்றி மறக்காதவளாக இருந்தாள். ஒவ்வொரு ஆடியிலும் மதுரையிலிருந்து வந்து கருப்பருக்குப் பொங்கல் வைத்தாள். டாக்டராகி மீமிசல் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் சம்பளத்தில் கோவிலுக்கு மணி வாங்கிக் கட்டினாள். “ஒரு வருஷம் காக்க வச்சு, எனக்கு அடக்கத்தைக் கத்துக்குடுத்துட்டுத்தான் சாமி படிப்பைக் குடுத்துச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்போதெல்லாம் அய்யாக்கண்ணு தூணுக்குப் பின்னால் நிற்பார். ராக்கன் மட்டும் அவரைத் தேடி வந்து காதோடு சொல்வார்: “என்ன தம்பி, மணிச்சத்தம் எப்புடி?”

ஏகாம்பரம் இறந்த மறு வருடம், 1969இல், மீனம்மாளுக்குப் பழைய இடத்திலேயே வலி திரும்பியது. பிரகதாம்பாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அன்னவாசல் வந்து, தாயாரைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றாள். முன்பு செய்த வேலூருக்கா, தனக்குப் பாடம் சொன்னவர்கள் இருக்கிற மதுரைக்கா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. ஊராருக்குச் சட்டென்று சொல்கிறவள் பெற்ற தாய்க்குத் தடுமாறினாள்.

“அண்ணே, பூக்கட்டு. நீ கட்டுன பூவு எனக்குத் தப்புனதே இல்லை.”

அவர் நந்தவனத்துக்குப் போனார். இந்த முறை ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. கட்டி எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து, தாயார் படுத்திருந்த கட்டிலருகே நின்றார்.

“பிரகதா, நான் கட்டுன பூவை நம்பாத. வேலூருக்குப் போனியே, அன்னைக்கு ரெண்டுலயும் செவப்புதான் வச்சேன்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கேட்டாள்: “மதுரைக்கு?”

“ரெண்டுலயும் வெள்ளை.”

“நீயாத்தான் செஞ்சியா?”

“மொதத் தடவை நானா. ஒனக்கு வேலூருன்னா உசுருன்னு நெனச்சுக்கிட்டு…”

“யாரு சொன்னா?” அவள் குரல் உயரவில்லை. “ஒன் கதைன்னா எனக்குப் பிடிக்கும் அண்ணே. அதுக்காக வேலூருன்னு ஆயிருமா? மார்க்கைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும், மதுரைதான் நமக்குன்னு. செவப்பு வந்ததும் வாயை மூடிக்கிட்டேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“கேக்கலை.”

“ஒரு வருஷம் உளுந்து பொடைச்சேன். எனக்குத் தகுதி இல்லைன்னு சாமியே சொல்லிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே பொடைச்சேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, தெருவுக்கு எழுந்து போய்விடுவேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அது தன்னைக் காப்பாற்றாது என்று அவருக்குத் தெரியும்.

பிரகதாம்பாள் தாயார் பக்கம் திரும்பினாள். “ஆத்தா, வேலூரா மதுரையா? நீ எங்கிட்டுப் போற?”

மீனம்மாள் விழித்தார். “என்னையவா கேக்குற?”

“ஒன்னயத்தான். ஒன் வயிறு.”

“மதுரைக்கே போவோம்டி. வேலூர்ல சோத்துல உப்பே போட மாட்டானுக. இவன் வேற அங்கிட்டும் இங்கிட்டும் நின்னு அழுதுக்கிட்டே இருப்பான்.”

பிரகதாம்பாள் துணிகளை எடுத்துவைக்க எழுந்தாள். போகிற வழியில் அண்ணன் கையிலிருந்த இரண்டு பொட்டலங்களையும் வாங்கினாள். நாரைப் பல்லால் கடித்து ஒன்றைப் பிரித்தாள். வெள்ளை. யாரும் பிரிக்கக் கூடாத மற்றதையும் பிரித்தாள். சிவப்பு. இரண்டையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இந்த ஒருமுறை அவர் நேர்மையாகத்தான் கட்டியிருந்தார். அதையும் அவள் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.