உங்க ஏரியா நாத்தம்

எண்ணூரில் பிறந்தவர்களுக்கும் மூக்கு உண்டு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஊர்க் காத்திவாக்கத்து ஜெரினாவின் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு சமயம் எங்கோ ஒரு தொழிற்சாலைக் குழாயில் வாயு கசிந்து, தெருவே கண் எரிந்து தொண்டை அடைத்து வாசலில் நின்றது. சட்டை கசங்காமல் வந்த கம்பெனி ஆள் ஒருவர், "ஒண்ணும் ஆபத்தில்லை, ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் படுங்க" என்று சொல்லிவிட்டு, தன் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். ஜெரினா அந்தக் காரின் பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடினாள். என்ன பிரயோஜனம்? கடைசியில் அவளும் ஜன்னலைத்தான் சாத்தினாள். சாத்திச் சாத்தி, எந்த நாற்றம் வந்தாலும் முதலில் தன் மூக்கையே சந்தேகப்படும் பழக்கம் வந்துவிட்டது.

மற்றபடி அவள் யாருக்கும் பயந்தவள் இல்லை. புருஷன் ஆன்றோ போய்ச் சேர்ந்த பிறகு அவனுடைய ஷேர் ஆட்டோவை எடுத்து, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கண்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து புறப்பட்டு வயிறு வளர்த்தவள். பெண் ஓட்டுகிற வண்டியா என்று தயங்கி நின்றவர்களை அவள் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

ராயபுரத்துக் கல்யாணங்களில் இப்போது மணப்பெண்ணுக்குக் கூரை திறக்கிற கார்தான் வேண்டும் என்கிறார்கள். ஜெரினா ஆட்டோவையும் கழுத்துச் செயினையும் விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய கார் ஷோரூமில் அப்படிக் கூரை திறக்கிற சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். இனி அவளுக்குச் சோறு போடுவது அதுதான். "பாதி டேங்குக்கு மேல பெட்ரோல் போடாதீங்க மேடம், வெயிட் கம்மியா இருந்தாதான் வண்டி பறக்கும்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

முதன்முறை டேங்கை நிரப்பிய அன்றே வண்டிக்குள் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. நேரே ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வீடு எங்க மேடம்?" என்றார்.

"எண்ணூரு."

"அப்ப அதான். உங்க ஏரியா நாத்தம் சீட்ல ஏறியிருக்கும். ஒரு சென்ட் வாங்கி மாட்டுங்க."

அவளும் நம்பினாள். அதுதான் கொடுமை. வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்து, மல்லிகை வாசனைப் புட்டி ஒன்று வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டாள். பெட்ரோல் குறையக் குறைய வாடையும் குறைந்தது. சென்ட்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ராயபுரத்தில் ஆன்சி என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வண்டி பேசினார்கள். மாதா கோயிலில் கல்யாணம் முடிந்ததும் ஜோடியை மாமல்லபுரம் வரை போட்டோ எடுக்கக் கூட்டிப்போக வேண்டும் என்பதால், காலையிலேயே டேங்கை வாய்வரை நிரப்பியிருந்தாள். வெள்ளை கவுனைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாக்கா, பெட்ரோல் பங்க்ல உக்காந்துகினு கீற மாதிரி கீது?"

"எண்ணூர் வண்டிம்மா. ஊரு நாத்தம் ஒட்டிக்கினு கீது" என்றாள் ஜெரினா. சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

கோயில் வாசலில் பேண்டு முழங்கியது. பெண்ணின் தாய்மாமன் மேத்யூ தெரு நீளத்துக்குச் சரவெடியை விரித்துவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியோடு குனிந்துகொண்டிருந்தார். ஜெரினா வண்டியை நிறுத்தக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வந்த வழியெல்லாம் ஈரக்கோடு. பெட்ரோல்.

"மாமா, கொளுத்தாத!" எஞ்சினை அணைத்துவிட்டுப் பாய்ந்து ஓடி, ஊதுபத்தியைப் பிடுங்கி மிதித்தாள்.

"இன்னாமே, பைத்தியமா புடிச்சிகீது?" என்று மேத்யூ கத்தினார். ஜெரினா வண்டியின் அடியைக் காட்டினாள். சொட்டிக்கொண்டிருந்தது. மேத்யூ சரவெடியை அவசரமாக வாரிச் சுருட்டினார். ஆன்சி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடந்தே கோயிலுக்குள் போனாள்.

மறுநாள் காரைத் தயாரித்த கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டாள். மாடல் பெயரைச் சொன்னதுமே அங்கிருந்தவர், "ஃபுல் டேங்க் போட்டீங்களா?" என்றார்.

"ஆமா" என்றாள் ஜெரினா. அவர் சாவகாசமாக விளக்கினார். டேங்கின் மேல் மூடி விரிசல் விடும்; பாதிக்கு மேல் நிரப்பினால் கசியும். இந்த மாடல் எல்லாவற்றுக்கும் உள்ளது. வெளிநாடுகளில் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தார்கள். இங்கே மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை.

"ஷோரூம்காரனுக்கும் தெரியுமா?"

"தெரியாமலா? பாதி டேங்குக்கு மேல போடாதீங்கன்னு சொல்லியிருப்பாங்களே."

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கும் பக்கத்தில் உட்கார்கிற கல்யாணப்பெண்ணுக்கும் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. எரிந்து போயிருந்தாலும் எண்ணூர் ஆள்தானே என்று விட்டிருப்பார்கள்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி, சொட்டுகிற காரை அப்படியே கொண்டுபோய் ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இறக்கினாள். இறக்கிய குலுக்கலில் வாடை பளிங்குத் தரை வரை போய்விட்டது. மேனேஜர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "யாரும் ஸ்விட்ச்சைத் தொடாதீங்க! எல்லாரும் வெளியே வாங்க!" என்று அலறியபடி, தீயணைப்புத் துறைக்கு அவரே போன் போட்டார்.

"இன்னா சார், மூக்க மூடிக்கினு கீற? இது நுங்கம்பாக்கத்துக் காத்தாச்சே!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், சீன் போடாதீங்க. வண்டியை நாங்களே எடுத்துக்கறோம். வேற நல்ல வண்டி தர்றேன்."

"இத்த இன்னா பண்ணுவ?"

"அது... வேற கஸ்டமருக்கு..."

"எந்த ஏரியா கஸ்டமருக்கு?"

அதற்குள் மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. தெருவே கூடி நின்றது. இறங்கிய அதிகாரி, "எங்கம்மா கசியுது?" என்று ஜெரினாவைக் கேட்டார்.

"அவரக் கேளு சார். நான் எண்ணூர்க்காரி, எனக்கு மூக்கே கெடையாது."

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் கர்ச்சீப்பை மெல்ல இறக்கினார். "டேங்க்லதான் சார்" என்றார். "இந்த மாடலுக்கே உள்ளது."