ஓரகத்தியின் லேப்டாப்

செம்பரம்பாக்கத்துப் பக்கம் இருந்த நிலத்தை ஒரு குடோன்காரருக்கு விற்ற கையோடு மாமனார் இரண்டு லேப்டாப் வாங்கிவந்தார். ஒரே கடை, ஒரே மாடல், ஒரே கறுப்பு. எங்கள் வீட்டில் புடவை எடுத்தாலும் கம்மல் எடுத்தாலும் இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மாதிரிதான். ஒருத்திக்குக் கூடிவிட்டால் வீடு ரெண்டுபடும் என்று அவருக்குத் தெரியும். ஒரே மாதிரி வாங்கினாலும் ரெண்டுபடும் என்பதுதான் பாவம் அவருக்குத் தெரியாது.

நான் மூத்தவள். திருநின்றவூர் வீட்டில் எனக்குக் கீழ்ப்பகுதி, ஓரகத்திக்கு மாடி. இரண்டு பேருக்கும் தொழிலும் ஒன்றுதான், கல்யாண வீடியோ எடிட்டிங். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆவடி, பூந்தமல்லி ஸ்டூடியோக்காரர்கள் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்போம்.

லேப்டாப் வந்த அடுத்த வாரமே ஆயுத பூஜை. சந்தனப் பொட்டு வைக்கிற வேலை மூத்த மருமகளுடையது. பைக், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் முடித்து லேப்டாப்புகளுக்கு வந்தேன். மாமியார் பக்கத்திலேயே நின்றதால் இரண்டுக்கும் ஒரே இடங்களில்தான் வைத்தேன்: மூடியில், கீபோர்டுக்கு மேலே இருக்கும் சல்லடையில், பின்னால் அனல் வெளியே போகும் ஓட்டைகளில் வரிசையாக. ஆனால் அவளுடையதுக்கு விரல் நுனியால் தொட்டேன். என்னுடையதுக்குக் கட்டைவிரலால் அப்பினேன். அதன்மேல் தாராளமாகக் குங்குமம். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்க மனசு வராமல், உதிரும்போது உதிரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. எடிட்டிங் முடித்த வீடியோவை முழுசாக ஓட்டி எடுக்கும் வேலைக்கு ரெண்டர் என்று பெயர். காலையில் இரண்டு பேரும் ரெண்டர் போட்டால், நான் சமைத்து முடிப்பதற்குள் அவளுடையது முடிந்துவிடும். என்னுடையது இரைந்துகொண்டு, கை வைக்க முடியாமல் கொதித்துக்கொண்டு, பாதியிலேயே நிற்கும். அவள் துணி காயப்போட இறங்கி வருகிற சாக்கில் எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாக்கா, உங்களுது இன்னும் ஓடிக்கினே கீது?"

கேட்கும்போது அந்த முகத்தில் இருந்த பரிதாபத்தை என்னால் தாங்கவே முடியவில்லை. பூந்தமல்லி ஸ்டூடியோக்காரர் ஒருநாள் கார்டை எடுத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டி நேராக மாடிக்குப் போனார். "மாடி வீட்டு மேடம் சீக்கிரம் குடுத்துடறாங்க" என்று போகிற போக்கில் சொன்னார். நான் கற்றுக்கொடுத்த தொழில், என் வாசலைத் தாண்டிப் போகிறது. வயிறு பற்றி எரிந்தது.

அவள் தம்பிக்கு ஆவடியில் மொபைல் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மாடியில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். அவன்தான் ஏதோ செய்துகொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். கேட்டதற்கு அவள், "ஒண்ணுமே பண்ணலக்கா, வாங்கின மாதிரியே கீது" என்றாள். நான் நம்பவில்லை. யூடியூபில் தேடியபோது ஓவர்கிளாக்கிங் என்று ஒன்று கிடைத்தது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை விரட்டுகிற வேலை. ஆகா, இதுதான் மாடியில் நடக்கிறது என்று பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் மட்டும், "வாரண்டி போயிடப் போவுது, பாத்துக்கோ" என்றார்.

"மாடியில செய்யலாம், நான் செய்யக் கூடாதா?" என்று கேட்டேன். இந்த மாற்றத்தால் பழுது வந்தால் வாரண்டி கிடையாது, சம்மதமா என்று திரையே கேட்டது. அவளும் சம்மதம் சொல்லித்தானே இருப்பாள் என்று நானும் அமுக்கினேன். வேகத்தை ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன்.

சில நாள் பறந்தது. ஒரு காலை அவளுக்கு முன்னால் நான் முடித்துவிட்டு, வேண்டுமென்றே மாடிக்குப் போய்க் கருவேப்பிலை கேட்டேன். அந்தக் கருவேப்பிலையின் ருசியே தனி.

அப்புறம் ஒரு முகூர்த்த வீடியோ, தாலி கட்டும் இடத்தில் திரை அணைந்தது. மறுபடி போட்டால் ஒரு நிமிஷம் எரியும், அணைந்துபோகும்.

அம்பத்தூர் சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் பின்மூடியைக் கழற்றியவுடன், "பூஜை போட்டீங்களா மேடம்?" என்றாள். ஓட்டைகளில் சந்தனம் சிமெண்ட் பூசியதுபோல் காய்ந்திருந்தது. விசிறி முழுக்கக் குங்குமம். "அனல் வெளிய போவ வழியே இல்ல. அதான் சூடாகி ஸ்லோ ஆயிருக்கு. அப்பவே கொண்டாந்திருந்தா கிளீன் பண்ணியே குடுத்திருப்போம்." பிறகு செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். "ஓவர்கிளாக் பண்ணி போர்டு போயிருக்கு. இது வாரண்டில வராதுங்க."

விஷயம் தெரிந்ததும் ஓரகத்தி தன் லேப்டாப்பை இறக்கிக்கொண்டு வந்தாள். "பகல்ல நீங்க பண்ணுங்கக்கா, நான் அப்புறமா பாத்துக்கறேன்." அவள் நல்லவளாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் மாடி ஏறியதும் முதல் வேலையாக செட்டிங்கைப் பார்த்தேன். எல்லாம் கம்பெனி வைத்தபடியே. அவள் தம்பி எதையும் தொட்டிருக்கவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு வீட்டில் ஒரு லேப்டாப்தான். சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் உட்கார்ந்தேன். விரல் தானாகப் பின்பக்க ஓட்டைகள் மேல் போய் நின்றது. கட்டைவிரல்தான். அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இந்த வாட்டியாவது நல்லா கட்டியா வைங்கக்கா. போன வருசம் உங்களுதுக்கு மட்டும் அப்பிக்கினு, என்னுதுக்குப் பேருக்குத் தொட்டீங்க. எனக்கு எவ்ளோ எரிச்சல் தெரியுமா? அன்னிக்கு சாய்ங்காலமே ஈரத்துணியால அத்தினியும் தொடச்சிப் போட்டேன்."

விரலை எடுத்து மூடியின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். பின்னால் வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியும்விட்டேன். ஆக, போன வருஷம் இரண்டு பேருக்கும்தான் வயிறு எரிந்திருக்கிறது. அவளுக்கு அந்த எரிச்சலே லேப்டாப்பைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது, வாரண்டியோடு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.